குதிரை உடற்கூறு பற்றிய பழைய படநூல்கள்: சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தலைப்புப் பக்கத்தில் 1766 என்று போட்டிருக்கும். உள்ளே ஒரு படத்தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், தாளுக்குள் 1815 என்று நீர்க்குறி தெரியும். ஜார்ஜ் ஸ்டப்ஸ் லண்டனில் வெளியிட்ட 'குதிரையின் உடற்கூறு' நூலின் பிரதிகளில் இப்படிப் பார்க்கலாம். இதில் மோசடி எதுவும் கிடையாது. செப்புத் தகடுகள் பத்திரமாக இருந்தன, வாங்க ஆள் இருந்தது, அதனால் பின்னாளில் மறுபடி அச்சடித்தார்கள். தலைப்புப் பக்கத்தின் ஆண்டை மட்டும் யாரும் மாற்றவில்லை. இது தெரியாமல் முதலில் அச்சடித்த பிரதிக்கு உரிய விலையை ஐம்பது வருஷம் கழித்து அடித்த பிரதிக்குக் கொடுத்தால் நஷ்டம் வாங்கியவருக்குத்தான்.

புதிதாக வருபவர்கள் தலைப்புப் பக்கத்தை முதலில் பார்க்கிறார்கள், படத்தைக் கடைசியாக எண்ணுகிறார்கள். இந்த வகைப் புத்தகத்துக்கு வரிசை நேர்மாறு: முதலில் படத்தாள்களை எண்ண வேண்டும், அடுத்து தாளைப் படிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆண்டு.

முதலில் ஒரு எல்லை போடுங்கள்

'குதிரைப் புத்தகம்' என்று பொதுவாகக் கிளம்பினால் சவாரி, லாடம், வைத்தியம், பந்தயம், இனவிருத்தி என்று அலமாரி கண்டபடி நிறையும். உடற்கூறு என்று குறுக்கினாலும் பரப்பு பெரிது. இன்னும் குறுக்குங்கள். ஒரே ஆசிரியரின் எல்லாப் பதிப்புகளும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே அச்சு முறை என்று வைத்துக்கொள்ளலாம். குளம்பு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அதற்கென்றே தனி நூல்கள் உண்டு, அளவிலும் சிறியவை, வைப்பதற்கு இடம் அடைக்காது.

கையில் உள்ள பணம் குறைவு என்றால் 19ஆம் நூற்றாண்டில் தொடங்குவதுதான் புத்தி. இந்த வகையின் முதல் நூல் வந்த 1598இலிருந்து தொடங்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் பாதிப் படம் இல்லாத ஒரு பிரதியை 'கிடைத்ததே பெரிது' என்று வாங்கி, பிறகு விற்க முடியாமல் வைத்திருப்பார்கள்.

தெரிந்திருக்க வேண்டிய நூல்கள்

கார்லோ ருயினி இத்தாலியின் போலோஞா நகரத்துச் செனட்டர். அவர் இறந்த 1598இலேயே அதே நகரில் அவருடைய நூல் வெளிவந்தது. மனிதனைத் தவிர்த்து ஒரே ஒரு விலங்கின் உடற்கூற்றுக்கென்றே எழுதப்பட்ட முதல் நூல் இதுதான். முதல் பாகம் உடற்கூறு, இரண்டாம் பாகம் நோயும் மருந்தும். முழுப்பக்க மரச்செதுக்குப் படங்கள் 64, எல்லாம் முதல் பாகத்தில். கடைசிப் பக்கங்களில் தோல் உரித்த குதிரைகள் புல்வெளியில் நிற்கும், நடக்கும். அந்தப் பக்கங்களுக்காகவே பிரதிகள் கிழிபட்டிருக்கின்றன. போலோஞா முதல் பதிப்பு சந்தைக்கு அபூர்வமாக வரும். 1599, 1618 வெனிஸ் பதிப்புகள் அதைவிட அதிகம் கிடைக்கும். படம்தான் முக்கியம் என்பவர்களுக்கு வெனிஸ் பதிப்பு தாராளமாகப் போதும். இன்னொன்று: இரண்டு பாகங்களும் பிரிந்து தனித்தனியாக விற்கப்படுவதுண்டு. 'ருயினி, 17ஆம் நூற்றாண்டு, நல்ல நிலை' என்று மலிவாக வருவது படமே இல்லாத இரண்டாம் பாகமாக இருக்கலாம்.

1599இல் பாரிஸில் ழான் ஏரோவார் எழுதிய சிறு நூல் ஒன்று குதிரையின் எலும்புகளை மட்டும் பேசுகிறது. அவர்தான் பின்னால் பதின்மூன்றாம் லூயிக்கு அரச மருத்துவரானவர். தேடி அலையத் தகுந்த நூல். ஆனால் தொடக்கக்காரருக்கு ஆகாது.

ஆங்கிலத்தில் முதல் பெரிய நூல் ஆண்ட்ரூ ஸ்னேப்புடையது, லண்டன், 1683. இரண்டாம் சார்லஸ் மன்னரின் லாட வைத்தியர் இவர். 49 செப்புத் தகட்டுப் படங்கள், பலவும் ருயினியைப் பார்த்து வரைந்தவை. அக்காலத்தில் இது வழக்கம்தான். ஒரு படத்தைப் பார்த்தபடியே தகட்டில் வெட்டி அச்சடித்தால் இடம் வலம் மாறி வரும். மூலத்தில் இடப்பக்கம் பார்க்கும் குதிரை நகலில் வலப்பக்கம் பார்க்கும். யார் யாரைப் பார்த்து வரைந்தார் என்று கண்டுபிடிக்க இது நல்ல துப்பு.

ஸ்டப்ஸ் ஓவியர். லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டில் சுமார் 18 மாதம் குதிரைச் சடலங்களை அறுத்து வரைந்தார். லண்டன் செதுக்குநர்கள் முன்வராததால் தகடுகளையும் அவரே வெட்டினார். தலைப்புப் பக்கம் '18 அட்டவணை' என்று சொல்லும்: பக்கம், முன், பின் என மூன்று கோணம், எலும்புக்கூடும் ஐந்து தசை அடுக்குகளும் என ஆறு நிலை. ஆனால் படத்தாள்களை எண்ணினால் 24 வர வேண்டும், ஏனென்றால் ஆறு தாள்கள் வெறும் கோட்டுப் படங்கள். 18 இருக்கிறது, தலைப்போடு சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள். அகலவாக்கில் கட்டிய பெரிய நூல் இது. விரித்தால் சாதாரண மேசை போதாது. 1938இல் லண்டனில் வந்த மறுபதிப்பும் 1976இல் டோவர் வெளியிட்ட மலிவுப் பதிப்பும் கையில் வைத்து ஒப்பிட உதவும்.

பிரெஞ்சில் பிலிப் எத்தியேன் லாஃபோஸின் 1772 நூல், பாரிஸ். 65 படத்தாள்கள், சில மடித்து வைத்தவை. சில பிரதிகள் கையால் வண்ணம் தீட்டியவை, பல கறுப்பு வெள்ளை. பின்னாளில் வண்ணம் பூசிப் 'பழைய வண்ணம்' என்று விற்கும் ஆபத்து இந்த நூலுக்கு அதிகம். அதைச் சோதிப்பது எப்படி என்று கீழே வருகிறது.

19ஆம் நூற்றாண்டில் வில்லியம் யூவாட்டின் 1831 நூல் பலமுறை மறுபதிப்பானது, அதனால் கிடைப்பது எளிது. படங்கள் சிறியவை, எழுத்தோடு சேர்ந்தே அச்சானவை. ஷோவோவின் ஒப்பியல் உடற்கூறு 1857இல் பிரெஞ்சிலும் 1873இல் ஆங்கிலத்திலும் வந்தது. எல்லன்பெர்கர், பாவ்ம் இருவரும் ஹெர்மன் டிட்ரிஹ் வரைந்த படங்களோடு ஓவியர்களுக்காகச் செய்த லைப்சிக் தொகுப்பு அந்த நூற்றாண்டின் முடிவில் வரத் தொடங்கியது. அதில் குதிரைப் பகுதியைத் தேடுங்கள்.

மடல் படங்கள்

1890 முதல் 1910 வரையான காலத்து மடல் படங்கள் தனி உலகம். கெட்டி அட்டையில் ஒரு குதிரை. தோலைத் தூக்கினால் தசை, தசையைத் தூக்கினால் எலும்பு, விலாவைத் திறந்தால் நுரையீரல், இதயம், குடல். எல்லாம் வண்ணக் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்சடித்தவை. உறுப்புகளில் எண் இருக்கும், எண்ணுக்கு விளக்கம் தனிச் சிறு கையேட்டில் இருக்கும். இந்தத் துறையில் நுழைவதற்கு இதைவிட மலிவான, மகிழ்ச்சியான வாசல் வேறில்லை. குழந்தைகள் கையில் கொடுத்தாலும் ரசிப்பார்கள், கொடுக்காதீர்கள்.

இவற்றில் கெட்டுப்போவது எப்போதும் சிறிய உறுப்புகள்தான். சிறுநீரகம், இதயத்தின் உள்மடல், கண் ஆகியவை ஒரு விரல் அகலம்கூட இருக்காது, ஒரே ஒரு பசை நாக்கில் தொங்கும். ஐம்பது தடவை திறந்தால் நாக்கு கிழியும். சோதிக்கும்போது விரலால் நோண்டாமல், ஒரு செண்டிமீட்டர் அகலமுள்ள கெட்டித் தாள் துண்டை மடலுக்கு அடியில் விட்டு மெதுவாக உயர்த்துங்கள். அடியில் பழுப்பேறிய பசைத் தடம் ஒன்று இருந்து அதன் மேல் எந்த உறுப்பும் இல்லையென்றால், அங்கே ஒன்று விழுந்திருக்கிறது. பிறகு கையேட்டில் உள்ள எண்களை ஒவ்வொன்றாகப் படத்தில் தேடுங்கள். கையேடு இல்லாத பிரதி என்றால் எது குறைகிறது என்று சொல்லவே முடியாது. விலையைப் பாதியாகப் பேசலாம். மடல்களைத் திருப்பி ஒட்டியிருப்பதும் உண்டு, கல்லீரல் குதிரையின் இடப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். உடற்கூறு கொஞ்சம் தெரிந்திருந்தால் உடனே சிரிப்பு வரும்.

ஒப்பிட ஒரு பிரதி தேவை

எதை வாங்குவதற்கு முன்பும் அதன் முழுப் பிரதி எப்படி இருக்க வேண்டும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ், பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி, பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளம் ஆகியவற்றில் இந்த வகைப் பழைய நூல்கள் பல வருடிப் போடப்பட்டிருக்கின்றன, காசு கிடையாது. ஆனால் வருடிய பிரதியே குறையுள்ளதாக இருக்கலாம். அதனால் இரண்டு வெவ்வேறு நூலகங்களின் பிரதிகளையாவது பாருங்கள்.

நூற்பட்டியல்களில் பிரெஞ்சு நூல்களுக்கு மென்னசியே டி லா லான்ஸ் 1915 முதல் 1921 வரை வெளியிட்ட தொகுதிகள், ஆங்கிலக் கால்நடை மருத்துவ நூல்களுக்கு ஃபிரெட்ரிக் ஸ்மித்தின் நான்கு தொகுதிகள், அமெரிக்கச் சேகரிப்பாளர் பால் மெல்லனின் சேகரிப்புக்கு போடெஷி தொகுத்த 1981ஆம் ஆண்டுப் பட்டியல் ஆகியவை விற்பனையாளர்கள் அன்றாடம் புரட்டுபவை. விற்பனைக் குறிப்பில் இந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தால், அந்தப் பதிவைத் தேடிப் படித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

மேசையில் வைத்துச் சோதித்தல்

தேவையான கருவிகள் சட்டைப்பையில் அடங்கும்: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறிய டார்ச், மில்லிமீட்டர் அளவுகோல், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், பென்சில். பேனா மேசையிலேயே இருக்கக் கூடாது. புத்தகத்தின் இரண்டு அட்டைகளுக்கு அடியிலும் ஸ்பாஞ்ச் ஆப்பு வைத்துச் சுமார் 120 பாகைக்கு மேல் விரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வெறுங்கையால் புரட்டுவதே நல்லது. துணிக் கையுறையில் தாளின் ஓரம் சிக்கிக் கிழியும்.

1. படத்தாள்களை முதலில் எண்ணுங்கள். படத்தில் அச்சான எண்ணைக் குறித்துக்கொண்டே போங்கள். மொத்தம் சரியாக வந்துவிட்டது என்பதோடு விடாதீர்கள். 65 இருக்கும், ஆனால் 31ஆம் படம் இரண்டு முறை வந்து 32 இல்லாமல் இருக்கும். கட்டியவர் செய்த தவறாக இருக்கலாம், வேறு பிரதியிலிருந்து எடுத்து நிரப்பியதாகவும் இருக்கலாம். முகப்புப் படத்தையும் ஆசிரியர் உருவப்படத்தையும் தனியாகக் குறியுங்கள். சுவரில் மாட்டத் தோதானவை என்பதால் அவைதான் முதலில் காணாமல் போகும்.

2. எழுத்துப் பக்கங்களின் மடிப்புக் குறிகளை, அதாவது சேர்த்து மடித்துத் தைத்த தாள்கட்டுகளின் அடையாள எழுத்துகளைப் பாருங்கள். பக்கத்தின் அடியில் ஏ, பி, சி என்று வரிசையாக இருக்கும். பழைய அச்சகங்கள் லத்தீன் வழக்கப்படி 23 எழுத்துகளையே பயன்படுத்தின: ஐ, ஜே இரண்டுக்கும் ஒன்று, யூ, வி இரண்டுக்கும் ஒன்று, டபிள்யூ கிடையாது. ஐக்குப் பிறகு கே வந்தால் ஒரு மடிப்பு காணவில்லை என்று பதறுவது எல்லாத் தொடக்கக்காரர்களும் ஒருமுறை செய்வது. பக்கத்தின் கடைசியில் தனியாக அச்சான சொல் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லாக வருகிறதா என்றும் பாருங்கள். வராத இடத்தில் தாள் போயிருக்கிறது.

3. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கம்பி வலையில் செய்த பழைய தாளில் சுமார் 20 முதல் 30 மில்லிமீட்டர் இடைவெளியில் இணைகோடுகள் தெரியும். கோடே இல்லாத வழவழப்பான நெசவுத் தாள் ஐரோப்பாவில் 1757 வாக்கில்தான் அச்சுப் புத்தகத்துக்கு வந்தது. 1618 என்று போட்ட நூலில் நெசவுத் தாளில் ஒரு பக்கம் இருந்தால் அது பின்னால் செருகியது.

4. நீர்க்குறியில் ஆண்டு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தாள்களில் 1794க்குப் பிறகு ஆண்டு போடுவது பரவலானது. அந்த ஆண்டுக்கு முன் அச்சாகியிருக்க முடியாது என்பது உறுதி. எவ்வளவு பின்னால் என்பதை அது சொல்லாது. பிரெஞ்சுத் தாளில் ஒரு பொறி இருக்கிறது. அரச ஆணை ஒன்றின்படி 1742 என்ற ஆண்டைத் தாள் வார்க்கும் அச்சில் வைத்த தாளாலைகள் பல, அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அதே ஆண்டோடு தாள் செய்துகொண்டிருந்தன. 1772 நூலில் 1742 தெரிந்தால் கவலைப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம்.

5. அச்சு முறையை உறுதி செய்யுங்கள். டார்ச்சைத் தாளுக்குக் கிடையாகப் படுக்கவைத்து அடித்தால், செப்புத் தகட்டுப் படத்தைச் சுற்றி தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய சதுரப் பள்ளம் நிழலாகத் தெரியும். மையும் தாளின் மேல் கொஞ்சம் எழும்பி நிற்கும். மரச்செதுக்கில் பள்ளம் இல்லை. கோடுகளின் ஓரத்தில் மை பிதுங்கிக் கறுத்திருக்கும், எழுத்தும் படமும் ஒரே அழுத்தத்தில் பதிந்திருக்கும். கல்லச்சில் இரண்டும் இல்லை, லென்ஸில் சாக்பீஸ் தேய்த்தது போன்ற பொடிப் புள்ளிகள் தெரியும். லென்ஸில் ஒழுங்கான வரிசையில் வட்டப் புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்பட மறுபதிப்பு. புத்தகத்தை மூடிவிடலாம்.

6. புற ஊதா டார்ச்சை இருட்டில் அடியுங்கள். 1950 வாக்கிலிருந்து தாளில் வெளுப்பூட்டிகள் சேர்க்கிறார்கள். அவை பளிச்சென்று நீல வெள்ளையாக ஒளிரும். பழைய தாள் மங்கலாகவே இருக்கும். ஒரே ஒரு தாள் மட்டும் ஒளிர்ந்தால் புதிதாகச் செருகியது. சுரண்டியோ கழுவியோ அழித்த நூலக முத்திரையும் இந்த வெளிச்சத்தில் வட்டமாகக் கிளம்பி வரும். அப்படி வந்தால் வாங்காதீர்கள். நூலகம் தானே கழித்த பிரதியில் கழித்ததற்கான முத்திரையும் இருக்கும். அது இல்லாமல் நூலக முத்திரை மட்டும் அழிக்கப்பட்டிருந்தால் திருட்டுப் பொருளாக இருக்கலாம். பழம்புத்தக வியாபாரிகளின் சர்வதேசக் கூட்டமைப்பு திருட்டுப் புத்தகங்களுக்கென ஒரு பதிவேடு வைத்திருக்கிறது; அதில் தேடிப் பாருங்கள்.

7. அச்சுப் பதிவின் தரம். செப்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு தடவையும் மை பூசித் துடைத்து அழுத்தும்போது மெல்லிய கோடுகள்தான் முதலில் தேயும். ஸ்டப்ஸின் படத்தில் கழுத்துத் தசையின் நிழலைப் பாருங்கள். நல்ல பதிவில் நார் நாராகக் கோடுகள் பிரிந்து தெரியும், நிழலின் ஆழத்தில் கறுப்பு வெல்வெட் போல இருக்கும். தேய்ந்த தகட்டில் அதே இடம் சாம்பல் பூசியது போல் தட்டையாகிவிடும். மரக்கட்டை தேய்வதில்லை, உடையும். படத்தைச் சுற்றியுள்ள சட்டக் கோட்டில் இடைவெளி விழும், கட்டை வெடித்த இடத்தில் வெள்ளைக் கோடு ஓடும், பூச்சி துளைத்த இடம் சின்ன வெள்ளை வட்டமாக அச்சாகும். இரண்டு பதிப்புகளில் ஒரே படத்தைப் பக்கத்தில் வைத்து இந்த உடைவுகளை எண்ணினால் எது பிந்தியது என்று தெரிந்துவிடும். இந்தச் சேகரிப்பில் இவ்வளவு சுவையான வேலை வேறு இல்லை.

8. ஓரங்கள். மறுகட்டு செய்யும் ஒவ்வொருவரும் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டுவார்கள். மூன்று முறை கட்டிய நூலில் படத்தின் எண்ணும் அடிக்குறிப்பும் பாதி போயிருக்கும். தாளின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து பதிவான பிற பிரதிகளோடு ஒப்பிடுங்கள். மடித்த படங்களில் மடிப்புகள் குறுக்கே சந்திக்கும் புள்ளியில்தான் கிழிசல் தொடங்கும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். செலோ டேப் ஒட்டியிருந்தால் அது பழுத்து எண்ணெய்க் கறையாகப் படத்துக்குள் இறங்கும், எடுக்க நிபுணர் வேண்டும்.

வண்ணம் பழையதா, புதியதா?

பழைய வண்ணம் என்றால் எதிர்ப்பக்கத்தில் மங்கிய நிழல் பெரும்பாலும் இருக்கும், ஏனென்றால் இரண்டு நூற்றாண்டு அழுத்தத்தில் நிறம் கொஞ்சம் இடம் மாறியிருக்கும். செம்பிலிருந்து செய்த பச்சை தாளை அரிக்கும். படத்தைத் திருப்பினால் அந்த இடத்தில் பழுப்பு வட்டம் தெரியும், மோசமான பிரதியில் தாள் நொறுங்கியே இருக்கும். ஈய வெள்ளை கறுத்திருக்கும்.

புது வண்ணத்தைக் காட்டிக்கொடுப்பது மடிப்பும் கறையும். மடித்த படத்தின் மடிப்புக் கோட்டை லென்ஸில் பாருங்கள். உடைந்த நார்களுக்குள் நிறம் ஊறி அங்கே மட்டும் அடர்ந்திருந்தால், தாள் மடிந்து தேய்ந்த பிறகு பூசியிருக்கிறார்கள். பழைய வண்ணமாக இருந்தால் மடிப்பு உடைந்த இடத்தில் நிறம் உதிர்ந்து வெள்ளை நார் தெரியும். அதேபோல் பழுப்புப் புள்ளிகளின் மேல் வண்ணம் போயிருக்கிறதா, புள்ளி வண்ணத்துக்குள்ளிருந்து கிளம்புகிறதா என்று பாருங்கள். கண்ணைப் பறிக்கும் ஊதாவும் இளஞ்சிவப்பும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்: செயற்கைச் சாயங்கள் 1856க்குப் பிறகுதான் வந்தன.

கழுவிய பிரதியைப் பற்றி ஒரு வார்த்தை. வெளுத்து, துவண்டு, புரட்டும்போது சரசரப்பு இல்லாமல் துணிபோல் மடியும் தாள் என்றால் ரசாயனத்தில் முக்கியிருக்கிறார்கள். லாயத்து எண்ணெய்க் கறையோடும் ஓரத்தில் யாரோ கிறுக்கிய மருந்துக் குறிப்போடும் இருக்கும் பிரதி அதைவிட எவ்வளவோ மேல். அது உண்மையாகவே குதிரை பார்த்தவர்கள் கையில் இருந்தது.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

விற்பனைக் குறிப்பில் 'குறைகளோடு உள்ளபடியே', 'பக்கங்கள் சரிபார்க்கப்படவில்லை', 'திருப்பி எடுக்கப்படாது' என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே ஏதோ இல்லை என்று வைத்துக்கொண்டே விலை கணக்கிடுங்கள். ஏல நிறுவனங்கள் படத் தொகுப்புகளைப் பெரும்பாலும் இந்த நிபந்தனையில்தான் விற்கும்.

கடிதத்தில் சுற்றி வளைக்க வேண்டாம். எத்தனை படத்தாள்கள், எந்த எண்கள்? ஒவ்வொன்றின் பின்பக்கப் புகைப்படம் கிடைக்குமா? நீர்க்குறியில் ஆண்டு உண்டா? தாளின் உயரம், அகலம் என்ன? நகலாகவோ வேறு பிரதியிலிருந்தோ வந்த தாள் உண்டா? எத்தனை நாளுக்குள் திருப்பலாம்? இந்த ஆறுக்கும் நேராகப் பதில் சொல்பவரிடம் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதில் தவறில்லை. 'படங்களைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்' என்பவரிடம் மலிவாக வாங்குவதுதான் தவறு.

ஏலத்தில் சுத்தியல் விழும் விலை உங்கள் விலை ஆகாது. வாங்குபவர் கட்டணம் பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம், அதன் மேல் வரி, பொட்டலம், காப்பீடு, சுங்கம். உங்களிடம் 100 இருந்தால் 65க்கு மேல் கை தூக்காதீர்கள். இத்தாலி போன்ற நாடுகளிலிருந்து பழைய நூல்கள் வெளியே வர ஏற்றுமதி அனுமதி தேவைப்படலாம். அதை வாங்கித் தருவது யார் பொறுப்பு, எவ்வளவு நாள் ஆகும் என்று பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தனித் தாளாகப் படம் விற்பவர்களிடம் வாங்குவது பற்றி இரண்டு கருத்து உண்டு. ஏற்கெனவே உடைந்துபோன புத்தகத்திலிருந்து வந்த தாள் என்றால் வாங்கலாம் என்பார்கள். ஆனால் அந்தச் சந்தை இருப்பதால்தான் முழுப் புத்தகங்கள் இன்னமும் கத்திக்குப் போகின்றன. எங்கள் பரிந்துரை, முழு நூலாகக் கிடைக்காத மடல் படம், சுவர்ப்படம் ஆகியவற்றைத் தவிர மற்றவற்றைத் தனித்தாளாக வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

அட்டைப் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, இடையில் குறைந்தது 5 செண்டிமீட்டர் மெத்தை, நான்கு மூலைக்கும் அட்டைக் காப்பு என்று அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் ஒருநாள் பெட்டியைத் திறக்காமல் அறையில் வைத்திருங்கள். குளிரிலிருந்து வந்த தாளில் ஈரம் பூக்கும். திறந்ததும் மேலே சொன்ன எட்டுச் சோதனைகளையும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் மறுபடி செய்யுங்கள்.

பிறகு ஒரு மாதம் மற்ற புத்தகங்களிலிருந்து தள்ளி, வெள்ளைத் தாள் விரித்து அதன் மேல் வையுங்கள். காலையில் தாளில் மாவு போல் பொடி விழுந்திருந்தால் உள்ளே உயிருள்ள புழு இருக்கிறது. காற்றுப் புகாத பாலிதீன் பையில் மூடி மைனஸ் 20 பாகை உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் போதும். வெளியே எடுத்த பிறகு பையை உடனே திறக்காமல் 24 மணி நேரம் பொறுங்கள். தோல் அட்டை உரிந்த நிலையில் உள்ள நூலையும் மடல் படத்தையும் உறைபெட்டியில் வைக்குமுன் பாதுகாப்பு நிபுணரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வைக்கும் அறையில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம், வெப்பம் 20 பாகையை ஒட்டி இருக்கட்டும். 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். எண்ணிக்கை கொஞ்சம் முன்னே பின்னே இருப்பதைவிட, பகலும் இரவும் ஏறி இறங்குவதுதான் தாளையும் தோலையும் இழுத்து வெடிக்கவைக்கிறது. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள். பெரிய அகலவாக்கு நூல்களைப் படுக்கவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் அடுக்காதீர்கள். நிறுத்தி வைத்தால் உள்தாள்களின் எடை முதுகைக் கிழிக்கும். அமிலமற்ற பெட்டி ஒன்று செய்துகொள்வது நல்ல செலவு. பாலியெஸ்டர் உறை போடலாம். பி.வி.சி. உறை கூடாது, லேமினேஷன் எக்காலத்திலும் கூடாது. தோலுக்கு எண்ணெயும் பாலிஷும் தடவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது தாளுக்குள் கறையாக இறங்கும்.

ஒவ்வொரு நூலுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள்: பதிப்பு, படத்தாள் எண்கள், தாள் அளவு, நீர்க்குறி, குறைகள், யாரிடம் எப்போது வாங்கியது, ரசீது எண். ஒவ்வொரு படத்தாளையும் அதன் கறையும் புழுத்துளையும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். காப்பீட்டு நிறுவனம் கேட்பதும், திருட்டுப் போனால் காவல் துறை கேட்பதும், 'இது உங்கள் பிரதிதான் என்பதற்கு என்ன ஆதாரம்' என்ற ஒரே கேள்விதான். 17ஆம் படத்தில் குதிரையின் முழங்காலுக்குக் கீழே உள்ள அரை மில்லிமீட்டர் புழுத்துளை வேறெந்தப் பிரதியிலும் அதே இடத்தில் இருக்காது.